கொரோனா காலத்தில் டிஸ்னி வேர்ல்ட்: அம்மாவோடு சில நாட்கள்

புதன், அக்டோபர் 7, 2020

இரவு எட்டரை மணி. ஃப்ளோரிடாவில், டிஸ்னி வேர்ல்டின் கரீபியன் பீச் ரிசார்ட்டில் தரைத்தள அறை. கதவைத் திறந்தால் நேராக வெளிக்காற்று. தாழ்வாரம், புல்வெளி, கொஞ்சம் தள்ளி ஏரி. லிஃப்டில் ஏற வேண்டாம், ஏ.சி. போட்டு மூடிய நீண்ட நடைபாதையில் யாரையும் உரசிக்கொண்டு போக வேண்டாம். இந்தக் கதவுக்காகவே இந்த ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்களோடு அம்மா வந்திருக்கிறார். வயது அறுபத்தெட்டு, சர்க்கரை உண்டு. பிப்ரவரியில் பேரனைப் பார்க்க வந்தவர். மார்ச் கடைசியில் இந்தியா பன்னாட்டு விமானங்களை நிறுத்தியதும் எங்களோடேயே இருக்கும்படி ஆகிவிட்டது. விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, வெளிநாடுகளில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்களில் இடம் தேடித் தேடி, ஒருவழியாக இந்த மாதக் கடைசிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. இத்தனை மாதமும் அவர் பார்த்தது எங்கள் அபார்ட்மெண்டின் ஜன்னலையும் அதற்கு எதிரே உள்ள கார் நிறுத்தத்தையும்தான். ஊருக்குப் போவதற்குள் ஒரு முறையாவது அவரை வெளியே கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

தடுத்தவர்கள் பலர். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. நான்கு மாதம் மூடிக் கிடந்த பூங்காக்கள் ஜூலை 11 அன்று திறக்க ஆரம்பித்தன. மறுநாளே ஃப்ளோரிடாவில் ஒரே நாளில் 15,300 பேருக்குத் தொற்று என்று அறிவிப்பு வந்தது. அதுவரை எந்த அமெரிக்க மாநிலமும் பார்க்காத எண்ணிக்கை. இப்போது அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் தடுப்பூசி இன்னும் வரவில்லை.

கடைசியில் முடிவெடுத்தது அம்மாதான். அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காசநோய் வார்டில் பல வருடம் இருந்தவர். மூன்று கேள்வி கேட்டார். "கூட்டம் எவ்வளவு? காத்தோட்டம் எப்படி? மாஸ்க் போடாதவனை நிறுத்திக் கேக்க ஆள் இருக்கா?" மூன்றாவது கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் இருந்தது. முதல் இரண்டுக்கும் திட்டம் இருந்தது. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம் நாங்கள் யாரையும் பார்க்கவில்லை. விமானம் வேண்டாம் என்று காரிலேயே வந்தோம்.

வழியில் பெட்ரோல் போட நிறுத்திய இடங்களில் பாதிப் பேர் முகத்தில் ஒன்றும் இல்லை. செப்டம்பர் 25 அன்று இந்த மாநில ஆளுநர் உணவகங்களுக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டார். ரிசார்ட் வாயிலைத் தாண்டியதும் காட்சி அப்படியே மாறியது. காவலர், பாதையில் நடப்பவர், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தை, எல்லோர் முகத்திலும் மாஸ்க். இங்கே இரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் கட்டாயம். வால்வு வைத்ததும், கழுத்திலிருந்து இழுத்துவிடும் துணியும் செல்லாது. வரவேற்பு மேசைக்கே போகவில்லை. செயலியில் அறை எண் வந்தது, ஃபோனாலேயே கதவைத் திறந்தோம். டி.வி. ரிமோட்டை உறை போட்டு வைத்திருந்தார்கள்.

அம்மா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குளியலறைக் குழாயின் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "சுத்தமாத்தான் செஞ்சிருக்காங்க" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். அப்புறம் கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். இரண்டு நாள் முன்னால்தான், அக்டோபர் 5 அன்று, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தன் வழிகாட்டியைத் திருத்தியது. சில சூழல்களில், குறிப்பாகக் காற்றோட்டம் இல்லாத மூடிய இடங்களில், ஆறடிக்கு அப்பாலும் காற்று வழியே இது தொற்றும் என்று எழுதியது. அதைப் படித்துக் காட்டியபோது அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "டி.பி. வார்டுல ஜன்னலைச் சாத்தினா எங்க டாக்டர் சத்தம் போடுவார்" என்றார்.

வியாழன், அக்டோபர் 8

மேஜிக் கிங்டம், டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்று. டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது. எந்த நாளில் எந்தப் பூங்கா என்று முன்கூட்டியே இடம் பதிய வேண்டும், ஒரே நாளில் இரண்டு பூங்காவுக்குப் போக முடியாது. அம்மாவின் முதல் கேள்விக்கு இதுதான் பதில்.

ரிசார்ட்டிலிருந்து பஸ். உள்ளே குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பு, நின்று பயணிக்க அனுமதி இல்லை. ஓட்டுநர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இருக்கையைக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார். பூங்கா வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். 100.4 ஃபாரன்ஹீட் இருந்தால் மறுபடி சோதனை, அப்போதும் இறங்கவில்லை என்றால் உள்ளே விடமாட்டார்கள். வெயிலில் நடந்து வந்திருந்தோம், அம்மாவின் நெற்றியில் கருவியைக் காட்டும்போது எனக்கு நெஞ்சு திக்கென்றது. 97.9. "நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

மெயின் ஸ்ட்ரீட்டில் திரும்பியதும் கோட்டை தெரிந்தது. அடுத்த வருடம் அக்டோபர் 1 அன்று இந்த இடத்துக்கு ஐம்பது வயது ஆகிறது. அதற்காக சின்ட்ரெல்லா கோட்டைக்கு இளஞ்சிவப்பும் அடர் நீலமும் பொன்நிறமும் பூசியிருக்கிறார்கள். பையன் ஓடிப்போய் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். சாதாரண நாளில் அந்த இடத்தில் அப்படிக் கை விரிக்க முடியாது.

ஊர்வலம் இல்லை, வாணவேடிக்கை இல்லை, மாலை ஆறு மணிக்கே பூங்கா மூடிவிடும். ஊர்வலம் போட்டால் மக்கள் ஒரு மணி நேரம் முன்பே ஓரத்தில் நெருங்கி உட்கார்ந்துவிடுவார்கள், வாணவேடிக்கை என்றால் கோட்டை முன்னால் கூட்டம் கூடிவிடும். அதனால் இப்போது ஒரே ஒரு வண்டியில், நேரம் சொல்லாமல், திடீரென்று வந்து போகிறார்கள். ஹாலோவீன் மாதம் என்பதால் மிக்கி வேஷம் கட்டி வந்தார். இசை கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி எங்களைக் கடந்தது. பையன் கத்திக் கையசைத்தான், மிக்கி அவனை நேராகப் பார்த்துக் கையசைத்தார். கூட்டம் கூடுவதற்குள் முடிந்துவிட்டது. யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு மரியாதையே வந்தது. பையன் மிக்கியை அணைத்துப் படம் எடுத்துக்கொள்ள முடியாதுதான். அது அவனுக்கு வருத்தம். அந்த வருத்தத்தை நான் பேசி மாற்றவில்லை.

எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். திறந்தவெளிச் சவாரி என்றால் அம்மாவும் வருவார். சுவருக்குள் நடக்கும் சவாரி என்றால் கணவரும் பையனும் மட்டும். அதனால் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுச் சவாரிக்கு அவர்கள் போனார்கள். எல்லோரையும் அடைத்துவைத்துக் கதை சொல்லும் அந்த நீளும் அறையில் இப்போது நிறுத்துவதில்லை, நேராக நடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜங்கிள் குரூஸ் படகில் அம்மா ஏறினார். எங்களுக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவே நிறைய இடம். வரிசைகள் பார்க்க மிக நீளம், ஏனென்றால் தரையில் ஆறடிக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஆனால் நின்ற நேரம் குறைவு.

அம்மா இவற்றையெல்லாம் பார்த்ததைவிட ஊழியர்களைத்தான் அதிகம் பார்த்தார். இங்கே அவர்களைக் காஸ்ட் மெம்பர் என்பார்கள். மாஸ்க், அதற்கு மேல் முகத்தடுப்பு, அக்டோபர் வெயில். ஒரு இளம்பெண் நடைபாதை ஓரத்தில் நின்று, மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கியிருந்த ஒரு பெரியவரிடம் போய்த் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அவர் முறைத்தார். அவள் நகரவில்லை, குரலும் உயரவில்லை. அவர் ஏற்றிக்கொண்ட பிறகே போனாள். அம்மா பென்ச்சில் உட்கார்ந்து இதை முழுக்கப் பார்த்தார். "நாள் பூரா இதையே செய்யணும்னா எவ்வளவு பொறுமை வேணும் தெரியுமா" என்றார்.

மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தனியாக இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். வயதானவர்களோடு வருபவர்கள் முதலில் வரைபடத்தில் அதைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி, அக்டோபர் 9

இன்று பூங்கா இல்லை. பயணத்தைத் திட்டமிடும்போதே ஒரு நாளை ரிசார்ட்டுக்கென்றே விட்டோம். இந்தக் காலத்தில் இங்கே வருபவர்கள் எல்லோருக்கும் அதையே சொல்வேன்.

காலையில் ஏரியைச் சுற்றி நடந்தோம். அறைத் தொகுதிகளுக்குக் கரீபியன் தீவுகளின் பெயர்கள்: பார்படாஸ், ஜமைக்கா, அருபா, டிரினிடாட், மார்ட்டினீக். கடைசிப் பெயரைப் படித்ததும் நின்றுவிட்டேன். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு விட்ட தீவு அது. பையனிடம் சொன்னேன். "அவங்க திரும்பி ஊருக்குப் போனாங்களா?" என்று கேட்டான். சிலர் போனார்கள், பலர் போகவில்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே நடந்தார்.

நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் மட்டும் மாஸ்க் வேண்டாம். சாய்வு நாற்காலிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். ஒரு குடும்பம் எழுந்து போனதும் ஒருவர் வந்து நாற்காலிகளைத் துடைத்தார். பையன் மதியம் வரை தண்ணீரிலிருந்து ஏறவில்லை. மார்ச்சுக்குப் பிறகு வேறு குழந்தைகளின் சத்தத்தை அவன் இவ்வளவு அருகில் கேட்டது இங்கேதான்.

அறையைச் சுத்தம் செய்ய ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறார்கள். இன்று எங்கள் முறை. கதவை விரியத் திறந்துவிட்டு நாங்கள் எல்லோரும் வெளியே வந்து புல்வெளியில் நின்றோம். வந்தவர் ஹெய்ட்டியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். அம்மா தாழ்வாரத்துக்குப் பக்கவாட்டில் நின்று அவர் வேலை செய்வதைப் பார்த்தார். மருந்தைத் தெளித்தவுடன் துடைக்கவில்லை. தெளித்துவிட்டு, அது ஊறும் நேரத்தில் படுக்கை விரிப்பை மாற்றி, பிறகு வந்து துடைத்தார். "பாத்தியா, தொழில் தெரிஞ்சவங்க" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார் அம்மா. தெளித்தவுடன் துடைத்தால் கிருமி சாகாது, ஈரமாக விட்டுவைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு புது நர்ஸுக்கும் ஆயாம்மாவுக்கும் சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை வறண்டிருக்கிறது.

வேலை முடிந்து அவர் வெளியே வந்ததும் அம்மா தன் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். "ஐ, நர்ஸ். இந்தியா. யு, வெரி குட் ஒர்க்." அந்த அம்மாவின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே சிரித்தன. ஏப்ரலில் எல்லோரையும் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள், கோடையில் திரும்பக் கூப்பிட்டார்கள் என்றார். நாத்தனார் வேலை பார்க்கும் ஹோட்டல் இன்னும் திறக்கவேயில்லையாம்.

செப்டம்பர் 29 அன்று, அதாவது நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, டிஸ்னி தன் பூங்காக்கள் சார்ந்த பிரிவில் 28,000 பேரை அமெரிக்காவில் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேர ஊழியர்கள். கலிஃபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் மார்ச் முதல் இன்னும் மூடியே கிடக்கிறது, இங்கேயும் குறைந்த ஆட்களையே உள்ளே விடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் காரணம் புரிகிறது. ஆனால் காரணம் புரிவது வேறு, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நிற்பது வேறு. என் தாயை இங்கே நம்பிக் கூட்டிவரும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது இவர்களுடைய உழைப்பு. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாமலேயே மருந்து ஊறும் வரை காத்திருந்து துடைக்கிறார்கள். நாங்கள் இங்கே பாதுகாப்பாக இருப்பதற்கு விதிப் பலகைகள் காரணமில்லை, இவர்கள்தான் காரணம். இதைப் படிப்பவர்கள் யாராவது இங்கே வந்தால் அவர்களைப் பெயர் சொல்லி நிர்வாகத்துக்குப் பாராட்டு எழுதுங்கள், அறையில் டிப்ஸ் வைக்க மறக்காதீர்கள். நான் இன்றிரவே எழுதிவிட்டேன்.

அந்த அம்மாவின் விரல்கள் சானிடைசராலும் மருந்தாலும் வெடித்திருந்தன. அம்மா உள்ளே போய்த் தன் பையிலிருந்து திறக்காத வாஸ்லின் டப்பாவை எடுத்துவந்து தாழ்வாரத் திண்டில் வைத்துவிட்டு ஆறடி விலகி நின்றார். ராத்திரி தடவிக்கொண்டு பருத்தி உறை மாட்டித் தூங்கச் சொல் என்றார். நான் சொன்னேன். அவர் எடுத்துக்கொண்டார்.

சனி, அக்டோபர் 10

அனிமல் கிங்டம். சுருக்கமாக எழுதுகிறேன், எல்லோரும் களைத்திருக்கிறோம்.

நான்கு பூங்காக்களில் அம்மாவுக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். மரங்கள் அடர்ந்தது, பெரும்பாலும் திறந்தவெளி. கிளிமஞ்சாரோ சஃபாரி வண்டியில் நாலா பக்கமும் காற்று. ஒட்டகச்சிவிங்கி பாதையின் குறுக்கே நின்றுகொண்டு வழிவிட மறுத்தது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார், யாருக்கும் அவசரமில்லை. லயன் கிங் மேடை நிகழ்ச்சி இல்லை. அதற்குப் பதில் ஆற்றில் படகுகள் வருகின்றன, டொனால்டும் கூட்டாளிகளும் மேளச் சத்தத்தோடு அதில் நின்று கையசைக்கிறார்கள். கரையில் எங்கே நின்றாலும் தெரிவதால் யாரும் முண்டியடிக்கவில்லை. மாலையிலேயே பூங்கா மூடிவிட்டது.

ஞாயிறு, அக்டோபர் 11

எப்காட் பூங்காவுக்கு ஸ்கைலைனரில் போனோம். போன வருடம் செப்டம்பரில் தொடங்கிய கம்பித்தொங்கு ஊர்தி அது, எங்கள் ரிசார்ட்தான் அதற்கு மைய நிலையம். ஒரு பெட்டியில் ஒரு குடும்பம் மட்டும். ஏ.சி. கிடையாது, ஓடும்போது துளைகள் வழியே காற்று புகுந்து வெளியேறுகிறது. ஏ.சி. இல்லை என்று வேறு நாட்களில் குறை சொல்வார்கள், இப்போது அதுவே நல்லதாகிவிட்டது. அம்மா முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பேரன் "அம்மாச்சி, கீழ நம்ம ஏரி" என்றதும் திறந்தவர், இறங்கும் வரை மூடவில்லை.

எப்காட்டில் ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் அரங்குகள். நார்வே அரங்கில் நார்வே இளைஞர்கள், ஜப்பான் அரங்கில் ஜப்பானியர்கள் என்று அந்தந்த நாட்டிலிருந்தே ஒப்பந்தத்தில் வந்து வேலை பார்ப்பது இங்கே வழக்கம். மார்ச்சில் அவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டடங்கள் அப்படியே இருக்கின்றன, வாசலில் நின்று தன் ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. அந்த இளைஞர்கள் பல பேர் அவசரமாக விமானம் ஏறியபோது, அம்மா ஏற விமானம் இல்லாமல் இங்கே இருந்தார். யார் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லாத வருடம் இது.

உணவுத் திருவிழாக் கடைகள் இருந்தன. நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது, ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ சாப்பிட வேண்டும் என்று ஜூலையிலேயே விதியை இறுக்கிவிட்டார்கள். கையில் தீனியை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக மாஸ்க் இல்லாமல் சுற்றியவர்களால் வந்த விதி. மிகச் சரியானது.

இரவு அறையில் கூடைப்பந்து. அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் இறுதிப் போட்டியில் ஆறாவது ஆட்டம், நாங்கள் படுத்திருக்கும் இடத்திலிருந்து சில மைல் தூரத்தில், இதே டிஸ்னி வளாகத்தில் நடந்தது. ஜூலையில் 22 அணிகளைக் கொண்டுவந்து இங்குள்ள ஹோட்டல்களில் தங்கவைத்து, வெளியே விடாமல், தினமும் பரிசோதனை செய்து மொத்தத் தொடரையும் நடத்தி முடித்துவிட்டார்கள். லேக்கர்ஸ் 106, ஹீட் 93. கணவரும் பையனும் கட்டிலில் குதித்தார்கள். அம்மா மட்டும், "அங்க சமைக்கிறவங்க, ரூம் துடைக்கிறவங்களும் உள்ளயே இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஹோட்டல் ஊழியர்கள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் வந்தார்கள் என்றேன். "அப்ப அவங்கதான் அதைக் காப்பாத்திக் குடுத்திருக்காங்க. கோப்பையில அவங்களுக்கும் பங்கு உண்டு" என்றார்.

திங்கள், அக்டோபர் 12

கிளம்பிவிட்டோம். இதை ஜார்ஜியாவைக் கடக்கும்போது காரில் எழுதுகிறேன். படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் அம்மாவே கழற்றிக் குளியலறைத் தரையில் குவித்து வைத்தார், தொடுகிற வேலை குறையட்டும் என்று. வீட்டுக்குப் போனதும் பதினான்கு நாள் தனித்திருப்பு, நடுவில் பரிசோதனை.

அக்டோபர் 20: பின்சேர்க்கை

நான்கு பேருக்கும் பி.சி.ஆர். நெகடிவ். அம்மாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது. பெட்டியை இரண்டு முறை கட்டிப் பிரித்துவிட்டார்.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். வடக்கே குளிர் வந்து எண்ணிக்கை மறுபடி ஏறத் தொடங்கியிருக்கிறது, நவம்பரில் போக நான் சொல்லமாட்டேன். அதற்கு முன் போவதாகவே முடிவெடுத்தவர்களுக்கு: கதவு நேராக வெளியே திறக்கும் அறையைக் கேளுங்கள், தரைத்தளம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். பூங்காவுக்குப் போகாத நாள் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மாஸ்க் வேண்டும். வியர்வையில் நனைந்த மாஸ்க் மூச்சையும் விடாது, கிருமியையும் தடுக்காது. இது அம்மா சொன்னது.

அந்த ஹெய்ட்டி அம்மாவைப் பற்றி நான் எழுதிய பாராட்டுக்கு நேற்றுப் பதில் வந்தது. அவருடைய மேலாளர் மூலம் அவரிடம் சேர்த்துவிட்டார்களாம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கை ஆறிடுச்சான்னு கேட்டு எழுது" என்றார்.